சொல்ல வராததை உடுத்திக் காட்டுதல்

மனநலப் பாடம்: நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்

எங்கள் மனநலப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சின்மேல் கல்லை ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது என்பார் ஒருவர். தலையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிறது என்பார் இன்னொருவர். தோள் இரண்டும் இற்று விழுகின்றன, ஆனால் தூக்கிய பாரம் எதுவும் இல்லை என்பார் வேறொருவர். அதற்கு முன்பே அவர்கள் இரண்டு மூன்று மருத்துவர்களைப் பார்த்திருப்பார்கள். இதயத் துடிப்புப் படம், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை அனைத்தும் கையில் இருக்கும். அனைத்தும் சரியாக இருக்கும். "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டார் நிம்மதி அடையும் அதே நொடியில், நோயாளி மேலும் தனித்துப் போகிறார். தாம் சொல்வது பொய் என்று தீர்ப்பாகிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

அவர் சொல்வது பொய்யன்று. மனச்சோர்வும் பதற்றமும் உடலில் வலியாகவும் பாரமாகவும் உணரப்படுவது மருத்துவம் நன்கு அறிந்த உண்மை. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல், கயிறு, பாரம் என்று அவர்கள் கூறுபவை யாவும் உடலின்மேல் ஏற்றப்பட்ட பொருள்கள். யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்றை அவர்கள் அணிந்திருக்கிறார்கள். அந்தப் பொருளைக் கையால் உண்மையாகவே செய்து, அணிந்து, நெருங்கியவர்களுக்குக் காட்டினால் என்ன நிகழும்? இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

அருள்புரத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல்லடம் சாலையின் இருபுறமும் உள்ள நம் குடும்பங்களில் நூலும் துணியும் ஊசியும் அறியாத வீடு இல்லை. உலகில் எங்கோ ஒருவர் அணியப்போகும் சட்டைக்கு நாள்முழுதும் தையல் போடுகிறவர்கள் நாம். தனக்கென்று ஒன்றைத் தைத்தவர்கள் நம்மில் குறைவு.

அணியும் சிற்பம் என்றால் என்ன

சிற்பம் என்றதும் கோயில் தூணும் கற்சிலையும் நினைவுக்கு வரும். மரம், துணி, நார், காகிதம், கம்பி ஆகியவற்றாலும் சிற்பம் செய்யலாம். அப்படிச் செய்த உருவத்தைப் பீடத்தில் வைக்காமல் மனித உடலே தாங்கினால் அது அணியும் சிற்பம். அதனை ஆடை என்று கூறிவிட இயலாது. வெயிலுக்கும் குளிருக்கும் அது பயன்படாது. அணிகலன் என்றும் கூற இயலாது. அழகூட்டுவது அதன் முதல் நோக்கமன்று. அணிந்தவரின் நிலையைப் பார்ப்பவருக்கு உணர்த்துவதே அதன் வேலை.

ஓவியத்துக்கு இல்லாத நான்கு இயல்புகள் இதற்கு உண்டு. முதலாவது எடை: அணிந்தவர் அதைச் சுமக்கிறார். இரண்டாவது உள்ளும் புறமும்: ஊரார் பார்க்கும் பக்கம் ஒன்று, தோலைத் தொடும் பக்கம் ஒன்று. மூன்றாவது தடை: அது நடையையும் கையசைவையும் மாற்றுகிறது. நான்காவது, மருத்துவ நோக்கில் மிக முக்கியமானது: அதைக் கழற்றி வைக்கலாம். இந்த நான்கையும் மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் வரலாறுகள் எளிதில் விளங்கும்.

நம் மண்ணில் தோளேறிய பாரம்

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நம் ஊர்கள் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் கூட்டத்தைப் பார்க்காதவர் இல்லை. அவர்கள் தோளில் உள்ள காவடியைச் சற்றுக் கவனியுங்கள். வளைந்த மரமும் துணியும் மயிற்பீலியும் கொண்டு கட்டிய உருவம் அது. சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளைத் தண்டின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பனின் கதையிலிருந்து காவடி தோன்றியதாக மரபு கூறுகிறது. குழந்தையின் காய்ச்சல், தீராத கடன், வீட்டில் நிகழ்ந்த சாவு என்று ஏதோ ஒன்றுக்காக நேர்ந்துகொண்டவர் அதைத் தோளில் ஏற்றி ஊரறிய நடக்கிறார். என்ன துயரம் என்று அவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வழியில் நிற்பவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள், காலில் நீர் ஊற்றுகிறார்கள். சன்னிதியை அடைந்ததும் பாரம் இறக்கப்படுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா நடைபெறும் நாள்களில் பல்லாயிரவர் மாலை அணிந்து விரதம் இருந்து வேடம் புனைகிறார்கள். காளி, குரங்கு, குறவர், பிச்சைக்காரர் என்று வேடங்கள் பல. நோய் தீர வேண்டியும் தீர்ந்தமைக்கு நன்றியாகவும் வேடம் போடுபவர்கள் அவர்களில் உண்டு. வீடுவீடாகக் காணிக்கை பெற்றுக் கோயிலில் சேர்க்கிறார்கள். காளி வேடத்துக்குரிய கனத்த முடியையும் பல கைகளையும் தாங்கி நடப்பது எளிய செயலன்று.

இவை வழிபாடுகள்; மருத்துவச் சிகிச்சை என்று நாங்கள் கூறவில்லை. துயரத்தைச் சொல்லாமல் உடலில் தாங்கிக் காட்டலாம், பார்ப்பவர்கள் அதற்கு மதிப்பளிப்பார்கள், ஒரு நாள் அதை இறக்கியும் வைக்கலாம் என்ற அறிவு நம் மக்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது என்பதற்காகவே அவற்றை நினைவூட்டுகிறோம். மனநோயாளி ஒருவரே தம் கையால் தைத்து அணிந்த ஆடைகளின் வரலாற்றுக்கு இனி வருவோம்.

ஒரு தையற்காரரின் சட்டை

ஆக்னஸ் ரிக்டர் 1844இல் பிறந்த ஜெர்மானியப் பெண்மணி. தையல் தொழில் செய்தவர். 1895 முதல் சாக்சனியில் இருந்த ஹுபர்டஸ்புர்க் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1918இல் இறக்கும் வரை வெளியே வராமலே வாழ்ந்தார். விடுதியில் எல்லாருக்கும் ஒரே வகைத் துணி. ரிக்டர் அந்தச் சாம்பல் நிற லினன் துணியைக் கொண்டு தம் உடல் அளவுக்கு ஒரு சிறு சட்டை தைத்தார். பிறகு அதன் உள்ளும் புறமும் பல நிற நூலால் எழுத்து எழுத்தாகப் பூத்தையல் போட்டார்.

பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில், வரிமேல் வரியாகத் தைத்த அவ்வெழுத்துகளின் பெரும்பகுதி இன்றும் வாசிக்க இயலாததாகவே உள்ளது. வாசிக்க முடிந்தவற்றுள் 'நான்', 'என்னுடைய' என்ற பொருள் தரும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சலவைக்காக விடுதி கொடுத்த 583 என்ற எண்ணும் அதில் உண்டு. சட்டையின் உட்புறத்தில் தேய்மானமும் வியர்வைக் கறையும் காணப்படுகின்றன. காட்சிக்காக அவர் அதைச் செய்யவில்லை, உடுத்தியிருந்தார். எழுத்தின் ஒரு பகுதி அவர் தோலின்மேல் படிந்திருந்தது.

ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மனநல மருத்துவர் முதல் உலகப் போருக்குப் பின் பல விடுதிகளிலிருந்து நோயாளிகளின் கைவேலைகளைத் திரட்டினார். அச்சட்டை இன்று ஹைடல்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சார்ந்த பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பில் பாதுகாக்கப்படுகிறது. அவரை எண்ணாக மாற்றிய காலம் மறைந்துவிட்டது. 'நான்' என்று அவர் தைத்த நூல் நிலைத்திருக்கிறது.

இதில் குடும்பத்தாருக்கு ஒரு பாடம் உண்டு. நோயாளி செய்வது நமக்குப் புரியாமல் போகலாம். புரியாததால் அது பொருளற்றதாகிவிடாது. ரிக்டரின் காலத்தில் யாராவது அருகில் அமர்ந்து, "இந்த வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால், இன்று அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

மற்றவர் ஏற்றியதும் தாமே அணிந்ததும்

மனநோயாளிகளின் உடலில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிறரே முடிவு செய்து வந்திருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் உடலில் இருந்த இரும்பு அவர்கள் நோயைக் காட்டவில்லை. நம் அச்சத்தைக் காட்டியது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவில், பலரும் அறியாத ஓர் உரிமை உள்ளது. மனநல நிலையத்தில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் விரும்பினால் தம் சொந்த உடையை அணியலாம். சீருடை அணியுமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உள்நோயாளியாகச் சேர்க்கும்போது மாற்றுடை எடுத்துவருமாறு நாங்கள் கேட்பதன் காரணம் இதுவே. அவருக்குப் பிடித்த புடவையோ சட்டையோ ஒன்று அதில் இருக்கட்டும். தம் உடல் இன்னும் தம்முடையதே என்ற உணர்விலிருந்துதான் குணமடைதல் தொடங்குகிறது.

பிரித்த நூலால் ஆன போர்வை

பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஆர்தர் பிஸ்போ தோ ரொசாரியோ கடற்படையில் பணியாற்றியவர். குத்துச்சண்டை வீரராகவும் இருந்தவர். 1938 டிசம்பரில் தேவதூதர்களைக் கண்டதாக அறிவித்தார். மருத்துவர்கள் அதை மனச்சிதைவு நோய் என்றார்கள். ரியோ டி ஜெனிரோவின் புறத்தே இருந்த பெரிய மனநோய் விடுதியில், இடையிடையே வெளிவந்த காலம் போக, 1989இல் இறக்கும் வரை வாழ்ந்தார்.

அவருக்கு யாரும் நூல் வாங்கித் தரவில்லை. விடுதியின் நீலச் சீருடைகளைப் பிரித்து நூலெடுத்தார். பின்னலாடைத் தொழில் அறிந்த உங்களுக்கு, தைத்த துணியைப் பிரித்து நூலாக்குவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த நூலால் கொடிகள், அங்கிகள், பொதிந்த பொருள்கள் என்று 800க்கும் மேற்பட்டவற்றைச் செய்தார். அவற்றுள் தலைசிறந்தது, இறைவன் முன்னிலையில் தாம் நிற்கும் நாளில் அணிவதற்கென்று பல்லாண்டுகள் தைத்த போர்வை. வெளிப்புறத்தில் கப்பல், எண்கள், அவர் உலகில் கண்ட பொருள்கள். உட்புறத்தில் தாம் அறிந்த மனிதர்களின் பெயர்கள். இறைவனிடம் அவர்களையும் தம்மோடு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் இறந்தபின் அப்போர்வை 1995இல் வெனிஸ் நகரக் கலைக் கண்காட்சிக்குச் சென்றது.

மருத்துவர்களாகிய நாங்கள் இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிஸ்போவின் நோய் அவருக்குக் கலையைப் பரிசளித்தது என்று போற்றுவது தவறு. அரை நூற்றாண்டு அடைபட்டிருந்தது பெரும் இழப்பு. இன்று மனச்சிதைவு நோய்க்குப் பயன்தரும் மருந்துகள் உள்ளன. தொடக்கத்திலேயே வந்தால் வேலை, குடும்பம், நட்பு ஆகியவற்றோடு வாழ வழி உண்டு. நாங்கள் அவரிடம் கற்றுக்கொள்வது வேறு. ஊரும் உறவும் அறுந்துபோன நிலையிலும் அவர் மனம் மனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தைத்துத் தன்னுள் பொதிந்து வைத்திருந்தது. பேச்சு குழம்பிய நோயாளிக்கும் உறவு தேவைப்படுகிறது.

நோய்ப்படுக்கையில் பிறந்த கைகள்

மூன்றாவது வரலாறு நம் தொழிற்பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்மானியச் சிற்பி ரெபெக்கா ஹார்ன் 1960களில் மாணவியாக இருந்தபோது, முகமூடி அணியாமல் பாலியெஸ்டரும் கண்ணாடி இழையும் கொண்டு சிற்பம் செய்தார். அதன் நச்சுக் காற்று நுரையீரலைப் பாதித்தது. நெடுங்காலம் மருத்துவமனையிலும் நலவிடுதியிலும் படுத்திருந்தார். வெளியுலகத் தொடர்பு அற்றுப்போன அந்தத் தனிமையில், படுக்கையில் இருந்தவாறே தைக்கக்கூடிய மென்மையான பொருள்களில் உடலில் அணியும் உருவங்களைத் திட்டமிட்டார். 1972இல் அவர் செய்த கையுறைகளின் விரல்கள் தரையைத் தொடும் அளவுக்கு நீண்டவை. நின்றவாறே தொலைவில் உள்ளதைத் தொடலாம். ஆனால் எதையும் அருகில் சென்று பற்ற முடியாது. நெருங்க வேண்டும் என்ற ஆவலையும் நெருங்க இயலாத நிலையையும் ஒரே பொருளில் காட்டிய வேலை அது. நீண்ட நாள் நோயுற்றுக் கிடந்தவர்களுக்கு அது உடனே விளங்கும்.

அமெரிக்கக் கலைஞர் நிக் கேவ் செய்தவையும் குறிப்பிடத்தக்கவை. 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்த நிகழ்ச்சிக்குப் பின், தாமும் எந்நேரமும் தாக்கப்படலாம் என்ற உணர்வு கேவை வாட்டியது. பூங்காவில் சுள்ளிகளைப் பொறுக்கி, உடல் முழுவதையும் மூடும் கவசம் போன்ற ஆடையைச் செய்தார். அணிந்து அசைந்தபோது அது ஒலியெழுப்பியது. ஒளிந்துகொள்ளச் செய்தது, குரல் கொடுக்கும் கருவியாகவும் ஆயிற்று.

நம் பிரிவில் காண்பது

பலரிடம் கண்டதை, அடையாளம் தெரியாதவாறு ஒருவராகச் சேர்த்து இங்கே சொல்கிறோம்.

முப்பத்தைந்து வயதுப் பெண். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல். தென்மாவட்டத்திலிருந்து வந்து லைன் வீட்டில் வாழும் குடும்பம். கணவர் டையிங் பட்டறையில் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தாலும் அவருக்கு உறக்கம் வருவதில்லை. தோள்வலிக்கு ஆறு மாதமாக மாத்திரை. வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. "சோம்பேறித்தனம்" என்று மாமியார் சொன்னதாகக் கணவர் தயக்கத்தோடு கூறினார். மனச்சோர்வு நோய் என்று கண்டறிந்து மருந்தும் ஆலோசனையும் தொடங்கினோம். ஆனால் ஆலோசனையில் அவர் "ஒன்றுமில்லைங்க" என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

மூன்றாம் வாரம், தொழில்வழிச் சிகிச்சை அறையில் கட்டிங் வேஸ்ட் துணியும் நூலும் கொடுத்து, "தோளில் என்ன இருக்கிறதோ அதைச் செய்து காட்டுங்கள்" என்றோம். அவர் நீளமான துணிப்பட்டை ஒன்றைத் தைத்து, அதன் இரு முனைகளிலும் பை வைத்தார். வேஸ்ட் துணியை அடைத்துப் பார்த்தார். கனம் போதவில்லை என்று மணல் கேட்டார். இடப்பக்கப் பையைத் தோளில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, "இவ்வளவுதாங்க" என்று தாமே அளவு சொன்னார். இடப்பக்கம் இருப்பது வாரத் தவணைக் கடன் என்றார். வலப்பக்கம் என்ன என்று அன்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வருகையில், அவர் ஒப்புதலோடு கணவர் அதைத் தம் தோளில் அணிந்து அறைக்குள் நடந்தார். கொஞ்ச நேரம் சென்று, "இதையா இத்தனை நாளாத் தூக்கிட்டுத் திரிஞ்ச?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதார். தவணைப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று அன்று முடிவாயிற்று. வலப்பக்கப் பையில் இருந்ததை இரண்டு வாரம் கழித்து அவர் சொன்னார். அது இங்கே எழுதுவதற்கு உரியதன்று.

மணற்பை அவரைக் குணப்படுத்தியது என்று நாங்கள் கூற மாட்டோம். மருந்து தொடர்ந்தது, ஆலோசனை தொடர்ந்தது, உறக்கம் மெல்லத் திரும்பியது. கடனும் ஒரே நாளில் தீரவில்லை. பை செய்தது ஒன்றே: அதுவரை அவர் மட்டும் உணர்ந்திருந்த பாரத்தை இன்னொருவர் தோளுக்கும் தெரியச் செய்தது.

எவ்வாறு உதவுகிறது

முதலாவதாக, துயரம் கைப்பொருளாக மாறும்போது "நானே கெட்டவள்" என்ற எண்ணம் "என்மேல் ஒன்று இருக்கிறது" என்று மாறுகிறது. நோயையும் தம்மையும் வேறாகக் காண்பது சிகிச்சைக்கு முதற்படி. இரண்டாவதாக, சொற்கள் கிடைக்காதவருக்கு வடிவமும் எடையும் மொழியாகின்றன. மூன்றாவதாக, அணிவதும் கழற்றுவதும் அவர் விருப்பம். கட்டுப்பாடு கைவிட்டுப் போனதாக உணர்பவருக்கு அது சிறிய ஆனால் உண்மையான அதிகாரம். நான்காவதாக, குடும்பத்தார் அதைக் கண்ணால் காண்கிறார்கள்.

2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நோயைத் தடுப்பதிலும் சிகிச்சைக்குத் துணை நிற்பதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று அறிவித்தது. துணை என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். மருந்தை நிறுத்திவிட்டுத் துணி தைப்பது சிகிச்சையாகாது.

இந்திய அளவில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு கூறியது. ஒரு தையல் லைனில் முப்பது பேர் அமர்ந்திருந்தால், அவர்களில் மூவர் தோளில் நாம் காணாத பை இருக்கக்கூடும்.

செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

இம்முறை எல்லாருக்கும் எந்நேரத்திலும் ஏற்றதன்று. தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்கள், காதில் குரல் கேட்டுக் குழம்பியிருப்பவர்கள், மிகுந்த சந்தேக நிலையில் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவர் கூறிய பின்னரே, சிகிச்சையாளர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

கழுத்தைச் சுற்றியோ மூக்கையும் வாயையும் மூடியோ எதையும் செய்யக் கூடாது. நீண்ட கயிறும் நாடாவும் வேண்டா. தோள், கை, முதுகு, இடுப்பு ஆகியவற்றில் அணிவன போதும். ஊசியையும் கத்தரிக்கோலையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் துண்டுகள் அனைத்தையும் தேடிக் கொடுத்த பின்னரே புது ஊசி தருவார்கள் அல்லவா? அதே ஒழுங்கு இங்கும் தேவை.

வீட்டில் செய்யும் முறை

1. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு விருப்பம் இல்லையெனில் வற்புறுத்த வேண்டா.

2. பழைய துணி, வேஸ்ட் துணி, நூல், அட்டை போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

3. "மனக்கவலையைச் செய்" என்று சொல்லாமல், "உடம்பில் எங்கே இருக்கிறது? கனமா, இறுக்கமா, சூடா?" என்று கேளுங்கள். உடலின் இடத்திலிருந்து தொடங்குவது எளிது.

4. அரை மணி நேரம் போதும். முடியவில்லை என்றால் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். நேர்த்தி தேவையில்லை, இங்கே செக்கிங் கிடையாது, டேமேஜ் பீஸும் கிடையாது.

5. அணிந்து பார்ப்பதா, யாருக்குக் காட்டுவது, உட்புறம் எதை மறைத்து வைப்பது ஆகியவை அவர் முடிவு. அனுமதியின்றிப் படம் எடுத்து உறவினர் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள்.

6. இறுதியில் அதைக் கழற்றி ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கழற்றியபின் உடல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவரைக் கேளாமல் அதை எறிந்துவிடாதீர்கள்.

பார்ப்பவர் கடமை

குடும்பத்தார் செய்யும் பொதுவான தவறு, உடனே பொருள் சொல்வது. கறுப்புத் துணி எடுத்தால் சாவைப் பற்றி நினைக்கிறார் என்றும், சிவப்பு எடுத்தால் கோபம் என்றும் முடிவு கட்டாதீர்கள். அன்று கூடையில் மேலாக இருந்த நிறம் அதுவாக இருக்கலாம். "இது என்ன?" என்று கேட்பதைவிட "இதைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று கேட்பது நல்லது. பதில் வராவிட்டால் அருகில் அமர்ந்திருங்கள். அவர் இசைந்தால் நீங்களும் ஒருமுறை அணிந்து பாருங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பாராட்டைவிட, "கனமாக இருக்கிறது" என்ற ஒப்புதல் அவருக்கு ஆறுதல் தரும்.

உடனே வர வேண்டிய நேரம்

சாவைப் பற்றிப் பேசுவது, பிறருக்குப் பொருள்களைக் கொடுத்து விடைபெறுவதுபோல் நடப்பது, சில நாள்களாக உணவும் உறக்கமும் இல்லாமை, தீங்கு செய்யுமாறு குரல் கட்டளையிடுகிறது என்பது, பச்சிளங்குழந்தையின் தாய் தன்னையோ குழந்தையையோ பற்றி அஞ்சத்தக்க வகையில் பேசுவது ஆகியவை தெரிந்தால் காத்திருக்க வேண்டா. அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். டெலி மானஸ் எனப்படும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் பேசலாம், தமிழில் பேசலாம். அவசர ஊர்திக்கு 108.

நிறைவாக

ஆக்னஸ் ரிக்டர் தைத்ததன் பெரும்பகுதியை இன்றும் வாசிக்க இயலவில்லை. பிஸ்போவின் போர்வை அவர் இறந்த பின்னரே உலகின் கண்ணில் பட்டது. நம் வீட்டில் உள்ளவர் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் தோளில் பாரம் என்று சொன்னால், ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, எவ்வளவு பாரம் என்று கேளுங்கள். கேட்டறிந்ததை எங்களிடம் வந்து சொல்லுங்கள். அங்கிருந்து சேர்ந்து தொடங்குவோம்.